சாப்பாட்டில் மாற்றமில்லை, சர்க்கரை மட்டும் ஏறுகிறது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பதுதான் 31 வருடம் என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவோம்: அபாய மணி அடித்தால் மணியின் ஒயரைப் பிடுங்காதே. எங்கோ எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கும், இல்லையென்றால் மோட்டார் சூடேறியிருக்கும். அதைத் தேடு. ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், என் உடம்பில் மணி அடித்தபோது வருடக்கணக்கில் ஒயரைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் வந்து 19 வருடம் ஆகிறது. எண் ஏறியதும் இரவுச் சாப்பாட்டைக் குறைப்பேன். வீட்டில் விசாரணை நடக்கும். “பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்” என்பாள் மனைவி. சாப்பிட்டிருக்க மாட்டேன். ஆனாலும் குற்றவாளி நான்தான்.

சாப்பாடு மட்டுமே சர்க்கரையை ஏற்றுவதில்லை. காய்ச்சல், புண், வலி, பயம், கவலை, தூக்கமின்மை எது வந்தாலும் உடம்பு அதை ஒரு சண்டையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால், குளுக்கோகான், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை கூடுகின்றன. கல்லீரல் தான் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, புதிதாகவும் தயாரிக்கிறது. அதே நேரத்தில் தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. கணையம் நன்றாக உள்ளவர்களுக்குக் கூடுதல் இன்சுலின் சுரந்து கணக்கு நேராகிவிடும். நம்மிடம் அந்தக் கையிருப்பு இல்லை. எண் ஏறத்தாழ 180-ஐத் தாண்டியதும் சர்க்கரை சிறுநீரில் வழியத் தொடங்குகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பு வறள, இரத்தத்தில் சர்க்கரை மேலும் அடர்கிறது. இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்பதுதான் கேள்வி.

கீழே உள்ளவை எல்லாம் நானும் என் மனைவியும் பட்டுத் தெரிந்துகொண்டவை, நாங்கள் காட்டும் டாக்டரும் அங்கே இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கும் நர்சும் திருத்திக் கொடுத்தவை. மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. அவரிடம் எதைச் சொல்வது என்று தெரிந்து வைத்திருப்பது நம் வேலை.

எண்ணே நம்பும்படி இல்லை

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் 300 காட்டும். அது உங்கள் இரத்தம் அல்ல, மாம்பழம். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முதல் சொட்டைத் துடைத்தெறிந்துவிட்டு இரண்டாவது சொட்டில் பாருங்கள்.

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். இரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் ஸ்ட்ரிப்புகள் வீண். டப்பாவிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் தனியாகப் போட்டுக்கொண்டு போவதும் அப்படித்தான். காலாவதித் தேதியையும் பாருங்கள். நல்ல மீட்டரும் 15 சதவீதம் முன்பின் காட்டலாம். எனவே நேற்று 150, இன்று 165 என்று கவலைப்பட்டால் அந்தக் கவலைதான் மிச்சம். இரண்டு முறை பார்த்தும் எண் உயரமாகவே இருந்தால் மீட்டரை விட்டுவிட்டு உடம்புக்கு வாருங்கள்.

காய்ச்சல் அடிக்கிறது; ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை; ஆனாலும் 280

எங்கள் பகுதியில் அதிகம் பேர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். “சாப்பிடவில்லையே, அப்புறம் எதற்கு ஊசி?” என்று இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். வாய் வழியாகச் சர்க்கரை வரவில்லை என்றாலும் கல்லீரல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சல் நாளில் உடம்புக்கு இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதும் உண்டு.

பெரும்பாலும் சிறு வயதிலேயே வரும் முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய்க்காரர்கள் நாள் முழுவதும் வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து வரலாம். என்னைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களில் இன்சுலின் போடுபவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது. காலையும் இரவும் கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) போடுபவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாப்பிடவே முடியாத நாளில் முழு அளவையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கலாம். அறவே விட்டால் உச்சிக்கு ஏறும். இடைப்பட்ட அளவு எவ்வளவு என்பதைப் போனில் டாக்டரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில், இன்சுலின் இருக்கும் தட்டுக்கு நேர் வெளியே ஒட்டியிருக்கிறது.

காய்ச்சல் நாளில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். முதல் வகைக்காரர்கள் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை. இரவில் எழுந்து பார்ப்பது கஷ்டம்தான், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 250-க்கு மேல் இருந்தால் முதல் வகைக்காரர்கள் கீட்டோனும் பார்க்க வேண்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டை பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கும். பட்டை ஊதா நிறத்துக்குப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் காய்ச்சல்காரரிடம் பத்தியம் பேசக் கூடாது. என் மனைவி முதலில் சண்டை போட்டது இதற்காகத்தான். கஞ்சி குடித்தால் சர்க்கரை ஏறும் என்று எனக்கு வெறும் ரசத் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவளை உட்கார வைத்துச் சொன்னார்: “அக்கா, மருந்து உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை என்றால் அவர் மயங்கி விழுவார். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் கஞ்சியோ இரண்டு இட்லியோ போக வேண்டும். எதுவும் இறங்கவில்லை என்றால் பால், மோர், ஏன், சர்க்கரை போட்ட டீ கூடக் கொடுக்கலாம்.” சர்க்கரை போட்ட டீ என்றதும் மனைவியின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. கூடவே மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தண்ணீர் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். வலி தாங்கவில்லை என்று கடையில் கேட்டு வலி மாத்திரை போடாதீர்கள்; பாராசிட்டமால் மட்டும் போதும். மற்ற வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், சர்க்கரையால் களைத்த சிறுநீரகத்தையும் அடிக்கும்.

வாந்தி, பேதி; எதுவும் உள்ளே நிற்கவில்லை

இங்கே கேள்வி நேர்மாறாகத் திரும்புகிறது. முந்தைய பகுதியில் எதை நிறுத்தக் கூடாது என்று பார்த்தோம். இதில் எதை நிறுத்த வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

உடம்பு வறண்டுபோன நேரத்தில் மெட்ஃபார்மின் மாத்திரை போட்டால், சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. வறட்சியை இன்னும் கூட்டும். அவற்றில் ஒரு வஞ்சகமும் உண்டு. மீட்டர் 180, 200 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கலாம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்றவை சாப்பாடு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளையும் கூட இந்த நாட்களில் டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனபின் திரும்பத் தொடங்குவது வழக்கம்.

மாத்திரை பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்பீர்கள். 2021-இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் சகோதரி வரும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “வாந்தி பேதி வந்தால் இதில் எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்று சொல்லி வையுங்கள். பதில் வந்ததும் அட்டையிலேயே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிடலாம்.

உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோயாளி அதைக் குடிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் உறுதியாக நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் மொத்தமே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு டம்ளருக்கு மூன்று கிராம் கூட வராது. பயப்படாமல் வாய் வாயாகக் குடியுங்கள். அட்டை டப்பாவில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானம் வேறு சங்கதி. அதை வாங்கும் முன் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். இளநீர் நல்லதுதான், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் ஆகாது; அதில் பொட்டாசியம் அதிகம்.

எப்போது 108-ஐக் கூப்பிடுவது? ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, மூச்சில் அழுகிய பழ வாடை, கடும் வயிற்று வலி, அரைத் தூக்கமாகக் கிடந்து கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். வயதானவர்களுக்குச் சர்க்கரை 600-ஐத் தாண்டினாலும் வாந்தியோ வலியோ இல்லாமல் பேச்சுக் குழறல் மட்டும் வரலாம். “வயசாகிவிட்டது, உளறுகிறார்” என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள். மீட்டர் எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று எழுத்தில் காட்டினால் அதன் பொருள் அளவு அதன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது. மீட்டர் கெட்டுப்போனதாக நினைத்துக் காலை வரை காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

ஒரு விதத்தில் வடசென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-லேயே பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவியதும் அவர்தான். ஆட்டோ எடுத்தால் கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருந்துகொண்டு, விடியட்டும் என்று காத்திருப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை.

காலையில் 130, சாயங்காலம் 320

இந்த வடிவத்தைப் பார்த்தவுடன் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போட்டால் மதியத்துக்கு மேல் சர்க்கரை எகிறும், மறுநாள் விடியும்போது இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

எண்ணூர், மணலிப் பக்கம் இழுப்பு உள்ளவர்கள் அதிகம். பனிக்காலத்தில் மூச்சு முட்டும்போது போய் நின்றால், சில இடங்களில் வெள்ளைக் காகிதத்தில் நாலைந்து மாத்திரையைப் பெயரில்லாமல் மடித்துக் கொடுப்பார்கள். ஒரே வேளையில் சுகமாகிவிடும். அந்தச் சுகத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் அதுதான். மூட்டுக்குள் போடும் ஊசியிலும் இருக்கும். அது சில நாள் முதல் ஒரு வாரம் வரை சர்க்கரையை ஏற்றி வைக்கும். வாயில் இழுக்கும் இன்ஹேலர் பஃப்பில் மருந்தின் அளவு மிகவும் குறைவு, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. இழுப்பில் உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான். பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் கொடுக்கும்போதே சர்க்கரைக்கு என்ன செய்வது என்றும் சேர்த்துப் பேச வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021-இல் கொரோனாவுக்குப் பின்னால் வந்த கறுப்புப் பூஞ்சையில் பார்த்தோம். அதில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், பலரும் ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

விடியற்காலை மட்டும் அதிகம்

இரவு படுக்கும்போது 140, காலையில் 190 என்றால் இரண்டு வழி உண்டு. விடியலில் கார்டிசால் முதலான ஹார்மோன்கள் இயல்பாகவே கூடிச் சர்க்கரையை ஏற்றுவது ஒன்று. இரவு மருந்து அதிகமாகித் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்க, உடம்பு பதறிப்போய் மேலே தள்ளுவது மற்றொன்று. இது முன்பு நினைத்த அளவுக்குப் பரவலாக நடப்பதில்லை என்பார்கள். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து ஒரு முறை குத்திப் பாருங்கள். அந்த எண் இல்லாமல் இரவு மருந்தைக் கூட்டுவது இருட்டில் போல்ட் முடுக்குவது மாதிரி.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும், நள்ளிரவு தாண்டிக் காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கும் ‘வெறும் வயிறு’ என்ற கணக்கே குழம்பிவிடும். ஐந்து மணி நேரம் கூடத் தூங்காத உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடுவதில்லை. எந்த நேரத்தில் படுத்து எந்த நேரத்தில் எழுந்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால்தான் டாக்டருக்கு அது பயன்படும்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பத்து நாளாக 250-க்கு மேல்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் முடிந்த நேரம். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. ரப்பர் செருப்போடு அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் பால் வாங்கப் போவேன். வழக்கமாக வெறும் வயிற்றில் 130, 140 இருக்கும் எனக்கு அடுத்த வாரம் 210, 236, 254 என்று ஏறி, ஒரு நாள் 287-இல் வந்து நின்றது. இரவில் ஒரு சப்பாத்தியாகக் குறைத்தேன். மாடியில் ஏறி இறங்கி நடந்தேன். இறங்கவில்லை.

ஒன்பதாவது நாள் மனைவி என்னை வாசற்படியில் உட்கார வைத்து, வெளிச்சம் படும்படி காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் ஊறிப்போன அப்பளம் மாதிரி வெளுத்திருந்தது. அதை விலக்கினால் கீழே ஒரு கீறல். அழுத்தியதும் மஞ்சளாக வந்தது. “வலிக்கவில்லையா?” என்றாள். எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் அதில் பயங்கரமான விஷயம். சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவனுக்குப் புண்ணை முதலில் சொல்வது வலி அல்ல, மீட்டர். அன்றே போய்க் காட்டி, 12 நாள் மருந்து சாப்பிட்டு, புண் ஆறத் தொடங்கியதும் சர்க்கரை படிப்படியாக இறங்கியது. சப்பாத்தியைக் குறைத்தது எதற்கும் உதவவில்லை.

எனவே காரணம் தெரியாமல் ஏறினால் உடம்பைத் தலை முதல் கால் வரை தேடுங்கள். பாதத்தின் அடி, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு. குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். ஆடும் பல், இரத்தம் கசியும் ஈறு. முதுகில், பிடரியில் பல முகம் வைத்த கட்டி. ராஜபிளவை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான், அதை வீட்டில் பிதுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அந்தரங்க இடத்தில் அரிப்பு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் சர்க்கரையோடு திரிகிறவர்கள் ஏராளம்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை, எடை குறைகிறது, மாலையில் மட்டும் உடம்பு சுடுகிறது என்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். காசநோய் சர்க்கரையை ஏற்றும். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டு வைத்தியத்தையும் இரண்டு இடத்தில் பார்ப்பவர்கள் இரண்டு டாக்டரிடமும் மற்றதைச் சொல்லியாக வேண்டும்.

திடீரென்று சர்க்கரை ஏறி, கூடவே மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், மேல்வயிற்றில் ஏதோ அழுத்தம் என்றால் ‘கேஸ்’ என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவது சர்க்கரை நோயாளிகளிடம் உண்டு. உடனே ஈசிஜி எடுக்கப் போங்கள்.

உடம்பில் எதுவும் இல்லை, மனசுதான் சரியில்லை

கவலையால் சர்க்கரை ஏறும் என்றால் சிலர் சிரிப்பார்கள். அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1913-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் 25 பேரின் சிறுநீரை, அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் சோதித்தார். ஆட்டம் அவர்கள் ஊர்க் கால்பந்து. 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் ஐந்து பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வியாசர்பாடியில் சாயங்காலக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடுபவனைவிடக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்குத்தான் துடிப்பு அதிகம். சர்க்கரை நோயே இல்லாத இளைஞர்களுக்கு அந்த நிலை என்றால் நம் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘டென்ஷன்’ என்று மொத்தமாகச் சொன்னால் பழுது தேட முடியாது. எந்தக் கவலை, எந்த நேரம் என்று பிடிக்க வேண்டும். நான் சர்க்கரை நோட்டில் தேதி, எண் இவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘என்ன நடந்தது’ என்று இரண்டு வார்த்தை எழுதுவேன். ஐந்து வாரம் எழுதியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். “என்னங்க, செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் 190-க்கு மேல் இருக்கிறதே. திங்கட்கிழமை இரவு என்ன?” திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு என் தம்பி போன் செய்வான். அப்பா விட்டுப்போன வீட்டின் பாகப் பிரச்சினை. ஒரு மணி நேரம் பேசுவோம், அதில் முக்கால் மணி நேரம் கத்துவோம். அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. நடு இரவில் எழுந்து இரண்டு பிஸ்கட் தின்பேன். நோட்டில் பிஸ்கட்டை எழுதவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கவலை பாதி வேலையைத்தான் ஹார்மோன் வழியாகச் செய்கிறது. மீதியை நம் கையை வைத்தே செய்துகொள்கிறது: மாத்திரை மறக்கும், நடை நிற்கும், நேரம் தவறிச் சாப்பாடு, கூடுதலாக ஒரு பீடி. வீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால், “தம்பி, காலையில் பேசு, பேசி முடித்ததும் நான் நடக்கப் போய்விடுவேன்” என்று நேரத்தை மாற்றினோம். செவ்வாய்க்கிழமை எண் 150 பக்கம் வந்தது. கவலையைத் தீர்க்க முடியாவிட்டாலும் அதைத் தூக்கத்திடமிருந்து தள்ளி வைக்க முடிந்தது.

சாவு, கடன், வேலை போனது போன்ற பெரிய அடிகளுக்கு நேரம் மாற்றும் தந்திரம் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, ஊசி போடவே மனமில்லை என்றால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். 104-ஐக் கூப்பிட்டும் மனநல ஆலோசனை கேட்கலாம்.

படபடப்பு, வியர்வை, கை நடுக்கம்

பதற்றமா, சர்க்கரை இறங்கிவிட்டதா? உட்கார்ந்து யோசிக்காதீர்கள், குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. மீட்டர் கையில் இல்லையென்றால் இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் வியர்வை மட்டும் வரலாம்.

காய்ச்சல் போய்விட்டது, இப்போது இறங்கிக்கொண்டே போகிறது

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கால் புண்ணின்போது இன்சுலினைக் காலையும் இரவும் ஆறு ஆறு யூனிட் கூட்டியிருந்தார்கள். புண் ஆறியது. நான் கூட்டிய அளவையே போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து உடம்பு படையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, நான் மட்டும் குண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் காலை எண் 118, 102, 91 என்று இறங்கியது. எனக்கோ ஒரே பெருமை; தெருவில் இருவரிடம் சொல்லிக்கூடக் காட்டினேன். அன்று இரவு 3 மணிக்குப் பனியன் பிழியும் அளவு நனைந்து எழுந்தேன். 58. மனைவி விளக்கைப் போட்டு, சர்க்கரை டப்பாவைத் தேடி, கரண்டி கிடைக்காமல் கையாலேயே அள்ளி டம்ளரில் போட்டாள்.

மறுநாள் போனில் கேட்டு அளவைக் குறைத்தோம். இப்போதெல்லாம் டாக்டர் அளவைக் கூட்டும் நாளிலேயே, “இதைத் திரும்ப எப்போது குறைப்பது?” என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை நோட்டின் அதே பக்கத்தில் பென்சிலால் எழுதி வட்டம் போட்டு வைக்கிறேன். சர்க்கரை டப்பாவும் ஒரு கரண்டியும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.